பெரிய முள் வீட்டு நேரம்

காலை ஐந்து ஐம்பது. எட்டு மாடிக் கட்டடத்தின் பின்பக்கம் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்த துப்புரவுப் பெண், சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் ஓர் ஆள் குப்புறக் கிடப்பதைப் பார்த்தாள். குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று நினைத்து வாய்க்கு வந்தபடி வைதாள். கிட்டே போன பிறகு, வைத வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

செத்தவர் குடிகாரர் இல்லை. புதுக் கட்டடங்களுக்கு லிஃப்ட் பொருத்த அந்த வெளிநாட்டுக்கு வந்திருந்த நான்கு தமிழர் குழுவுக்குத் தலைவர். எட்டாவது மாடியில் தனி வீடு. மற்ற மூவரும் அதே கட்டடத்தில் மூன்றாவது மாடியில் ஒரே அறையில் தங்கியிருந்தார்கள். பால்கனிக் கதவு திறந்து கிடந்தது. வாசல் கதவு இழுத்தாலே பூட்டிக்கொள்ளும் ரகம், பூட்டியிருந்தது. கீழே நுழைவாயில் கேமராவில் வெளியாள் ஒருவரும் இல்லை. சமையலறைத் தொட்டிக்கு மேலே தட்டில் கழுவிக் கவிழ்த்த இரண்டு தம்ளர்கள், பக்கத்தில் கழற்றி வைத்த கைக்கடிகாரம். குதிக்கப் போகிறவர்கள் இப்படித்தான் கடிகாரத்தைக் கழற்றி வைப்பார்களாம். தற்கொலை என்று போலீஸ் முடிவு கட்டியது.

மூன்றாம் நாள் அவருடைய மனைவி வந்து இறங்கினாள். ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. "கையை நீட்டுங்க, சட்டைக் கையை ஏத்துங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, முகத்தைப் பார்க்கும் முன்பே கையைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. ஆறு வயது மகளை அக்காவிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள். "அப்பா ஏன்மா விழுந்தாரு?" என்று பிள்ளை கேட்டதற்கு அவளிடம் பதில் இல்லை.

விமான நிலையத்துக்கு வந்திருந்தவன் குழுவில் இளையவன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்ததால் எல்லோரும் அவனை மாப்பிள்ளை என்றே கூப்பிட்டார்கள். அவளைப் பார்த்ததும் "அண்ணி" என்று ஓவென்று அழுதான். பாவம், இவனாவது இருக்கிறானே என்று அவளுக்குத் தோன்றியது.

காரில் போகும்போது கேட்டாள். "மணி என்ன தம்பி? பாப்பாகிட்ட பேசணும்."

அவன் இடது கையை லேசாகத் தூக்கினான். மணிக்கட்டு வரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை. தூக்கிய கையை அப்படியே பைக்குள் விட்டு, போனை எடுத்துப் பார்த்து, "பதினொண்ணே கால் அண்ணி" என்றான்.

மதியம் இரண்டு மணிக்குக் காவல் நிலையம். இன்ஸ்பெக்டர் அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், ஆனால் அம்மா வழியில் அவருக்குத் தமிழ் வந்தது. நல்ல மனிதர். கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் செய்தார்.

"கடைசியா எப்பம்மா பேசினீங்க?"

"அன்னிக்கு. எங்களுக்கு ராத்திரி எட்டரை, இங்க சாயங்காலம் நாலு. பாப்பா தூங்கற நேரம். ஒரு நாள் தப்பாம கூப்பிடுவாரு."

"சண்டையா?"

அவள் முந்தானையைக் கசக்கினாள். "இன்னும் ரெண்டு மாசம் ஆகும்னாரு. அப்படின்னா அங்கேயே கெடங்க, இனிமே கூப்பிடவே கூப்பிடாதீங்கன்னு சொல்லிட்டேன் சார்."

பேனா நின்றது. மூன்று நாளாக அவளை முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது அதுதான். அந்தச் சொல்தான் அவரைத் தள்ளிவிட்டதா? ஆமாம் என்றால் பிள்ளையின் முகத்தில் எப்படி விழிப்பது?

இன்ஸ்பெக்டர் ஓர் உறையிலிருந்து கடிகாரத்தை எடுத்து அவள் முன் வைத்தார். "இது அவரோடதுதானே? பார்த்துச் சொல்லுங்க."

கறுப்புப் பட்டை, வெள்ளை முகம். வெளிநாடு போகிறவர்களுக்குக் கம்பெனி கொடுத்தது, நால்வருக்கும் ஒரே மாதிரி. பெரிய முட்கள் வேலை பார்க்கிற ஊரின் நேரத்தைக் காட்டும். கீழே குட்டி வட்டத்துக்குள் வீட்டு நேரம் ஓடும்.

"முள்ளு மாறியிருக்கு" என்றாள். "இவரு தலைகீழா வெச்சிருப்பாரு. பெரிய முள்ளு எங்க வீட்டு நேரம், சின்ன வட்டம் இந்த ஊரு. 'வேலைக்குச் சின்ன வட்டம் போதும்டி, பெருசா தெரிய வேண்டியது நீங்கதான்'னு சொல்வாரு."

இன்ஸ்பெக்டர் தயங்கினார். "சண்டைக்கு அப்புறம் அவரே மாத்தி வெச்சிருக்கலாம் இல்லையாம்மா?"

நீங்கள் எனக்கு வேண்டாம் என்று திருத்தி வைத்துவிட்டுத்தான் போனாரா? கடிகாரத்தைக் கைக்குள் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அழுதபடியே அதன் பக்கத்துத் திருகைக் கட்டைவிரலால் நெருடிக்கொண்டிருந்தாள். நகம் பட்டுத் திருகு வெளியே வந்தது. திருகினாள், முள் நகர்ந்தது.

அழுகை பாதியில் நின்றது.

"சார், இது திரும்புது!"

"வாட்சுன்னா திரும்பத்தானே செய்யும்?"

"அவரோடது திரும்பாது. லிஃப்ட் வேலைக்காரங்க எதைத் தொடறதுக்கு முன்னாடியும் வாட்சைக் கழட்டிடுவாங்க, மெஷின்ல மாட்டிக்கும்னு. நாலு பேரோடதும் ஒரே டப்பாவுல கெடக்கும். அண்ணன் வாட்ச் தப்பா ஓடுதுன்னு கேலிக்கு யாராவது திருத்திடுவாங்களாம். ஒரு நாள் கடுப்பாகி, திருகு மேலயே பசையை ஊத்தி ஒட்டிட்டாரு. வீடியோவுல பாப்பாகிட்ட காட்டி, 'இனிமே நம்ம நேரத்தை எவனும் தொட முடியாது'ன்னாரு."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திருகைச் சுற்றிப் பார்த்தார். பசையும் இல்லை, பசையைச் சுரண்டிய தடமும் இல்லை. "அப்ப இது வேற ஆளோட வாட்ச்."

"எங்கேர்ந்து எடுத்தீங்க சார்?"

"சமையல்கட்டுல. கழுவின தம்ளர் ரெண்டு இருந்துச்சு, அதுங்க பக்கத்துல."

"அவரு ஒத்தை ஆளு சார். ரெண்டாவது தம்ளர் யாருக்கு?"

இன்ஸ்பெக்டரின் முகம் மாறியது. அந்த இரண்டு தம்ளர்களையும் அவர் மூன்று நாளாகப் புகைப்படத்தில் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"யாரோ வந்து டீ குடிச்சிருக்காங்க" என்றாள் அவள். "வந்தது தெரியக்கூடாதுன்னு கழுவி வெச்சிருக்காங்க. வேற ஆளா இருந்தா வாட்சோடவே கழுவியிருப்பான். லிஃப்ட்காரன் தண்ணியில கை வைக்கறதுக்கே கழட்டுவான். அவரோடது அங்க இருந்திருக்கு, இவனும் பக்கத்துலயே வெச்சிருக்கான். அவசரத்துல கைக்கு வந்ததை மாட்டிக்கிட்டுப் போயிட்டான்."

"கேமராவுல விழலையேம்மா?"

"மூணாவது மாடியிலேர்ந்து எட்டாவது மாடிக்குப் போக நுழைவாயில் எதுக்கு சார்?"

சொல்லும்போதே அவளுக்குப் பொறி தட்டியது. காலையில் காரில் ஒரு கை பாதி உயர்ந்து, பைக்குள் போனதே!

மாலை நான்கு மணிக்கு மூன்றாவது மாடி அறை. சாவு விழுந்ததிலிருந்து வேலை நின்றிருந்தது. மூன்று கட்டில்கள், நடுவில் ஒரு மேசை, சாமான் வைக்கத் தனியாக ஓர் அலமாரிகூடக் கிடையாது. மீசை என்று பெயரெடுத்தவரும், அதிகம் பேசாததால் சாமியார் என்றழைக்கப்பட்டவரும் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்து விட்டிருந்தார்கள். மாப்பிள்ளை மட்டும் மணிக்கட்டு வரை பொத்தான் போட்டிருந்தான்.

இன்ஸ்பெக்டர் பேச வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள். குரல் ஆய்வுக்கூடத்துக் குரல்தான்.

"கையை நீட்டுங்க."

மீசை நீட்டினார். பெரிய முட்கள் நான்கு மணி காட்டின. சாமியார் கையிலும் அப்படியே.

"தம்பி, நீ?"

மாப்பிள்ளை திருதிருவென்று விழித்தான்.

"காலையில மணி கேட்டேன். கையில வாட்சை வெச்சுக்கிட்டு போனைப் பார்த்துச் சொன்னே. சட்டைக் கையை ஏத்து."

அவன் அசையவில்லை. அவளே பொத்தானைக் கழற்றி, துணியை மேலே தள்ளினாள். குட்டி வட்டத்தில் நான்கு. திருகைச் சுற்றி மஞ்சளாகக் காய்ந்த பசை. பெரிய முட்கள் எட்டரை காட்டின. கூப்பிடுகிற நேரம். வீட்டில் இந்நேரம் பிள்ளை போர்வைக்குள் கண்ணை மூடாமல் படுத்திருக்கும்.

"நீயாடா?" என்றாள். கத்த நினைத்தாள், குரல் வரவில்லை.

அவன் மடங்கி உட்கார்ந்தான். "ஒரு லிஃப்டுக்கு பிரேக்கைத் தப்பா மாட்டிட்டேன் அண்ணி. சோதிச்சுப் பார்க்காமலே சரின்னுட்டேன். அண்ணன் கண்டுபிடிச்சுட்டாரு. 'அதுல ஜனங்க ஏறப் போறாங்கடா, நீயே போய்ச் சொல்லு, இல்லைன்னா காலையில நான் சொல்லுவேன்'னாரு. சொன்னா என்னைத் திருப்பி அனுப்பிடுவாங்க, கல்யாணமும் நின்னுடும். கெஞ்சினேன். அவரு பால்கனிக்குப் போனாரு. பின்னாடியே போய்... தள்ளிட்டேன் அண்ணி. கொல்லணும்னு போகலை."

"இந்த வாட்சை ஏன் வெச்சிருந்தே?" இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"ரூமுக்கு வந்துதான் பார்த்தேன். எட்டாவது மாடிக் கதவு பூட்டிக்கிச்சு, திரும்பிப் போக வழியில்லை. தூக்கிப் போடவும் கை வரலை சார், அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருந்துச்சு. மூணு பேர் இருக்கற ரூம்ல எங்க ஒளிக்கறது? அதான் சட்டைக்குள்ளயே வெச்சுக்கிட்டேன்."

மீசை அவன் மேல் பாய்ந்தார். சாமியார் பிடித்துக்கொண்டார்.

அவள் அவன் முன்னால் குனிந்தாள். அவளுக்கு வேண்டியது இன்னும் கிடைக்கவில்லை. "அன்னிக்கு என்னைப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

அவன் நிமிராமலே சொன்னான். "டீ போடும்போது சொன்னாரு. 'உங்க அண்ணி கூப்பிடாதேன்னுட்டா. கோபம் வந்தா அப்படித்தான் பேசுவா. நாளைக்கு எட்டரைக்கு அடிச்சா முதல் மணிக்கே எடுப்பா, பாரு'ன்னு சிரிச்சாரு."

அப்போதுதான் அவள் கத்தினாள். மூன்று நாளாக அழுததெல்லாம் குற்றவாளியாக நின்று அழுதது. இப்போது புருஷனுக்காக அழுதாள். இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வழக்கு முடிந்து, பல மாதம் கழித்து ஒரு பார்சல் வந்தது. பிரிக்கும்போது மகளும் கூட இருந்தாள். கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளை அதைத் தூக்கிக்கொண்டு போய்ச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள்.

"அம்மா, கரெக்டா இருக்கு! எட்டரை. திருத்தவே வேணாம்."

பிறகு குட்டி வட்டத்தைப் பார்த்தாள். அதில் நான்கு மணி.

"அன்னிக்கு நீ கூப்பிடாதேன்னு சொன்னியே. அதனாலதான் அப்பா கூப்பிடலையா?"

அவள் மகளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். எந்தக் கேள்விக்குப் பயந்து விமானம் ஏறினாளோ, அது இதுதான். இன்று அவளிடம் பதில் இருந்தது.

"இல்லடா கண்ணு. அடுத்த நாள் எட்டரைக்குக் கூப்பிடறதாத்தான் இருந்தாரு."