படத்தில் இல்லாத பெட்டி

புத்தகத்தைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு ஊர் சுற்ற வருகிறவர்களை எனக்கு எப்போதுமே பிடிக்காது. எங்கள் முற்றத்துக்குள் நுழைவார்கள். புத்தகத்தைப் பார்ப்பார்கள், அண்ணாந்து படிக்கட்டைப் பார்ப்பார்கள், மறுபடியும் புத்தகத்தைப் பார்ப்பார்கள். படத்தில் இருப்பதுதான் அசல், இங்கே குடியிருக்கும் நாங்கள் எல்லோரும் நகல் என்பதுபோல.

படிக்கட்டு பார்க்க வேண்டியதுதான், இல்லையென்று சொல்லவில்லை. நேப்பிள்ஸில் இந்த மாதிரி நாலைந்துதான் மிச்சம். முற்றத்தைப் பார்த்தபடி திறந்தவெளியாக, இரண்டு பக்கமும் இறக்கை விரித்து ஏறி, ஒவ்வொரு மாடியிலும் ஒன்று சேரும். நாங்கள் நான்காவது மாடி. லிஃப்ட் கிடையாது. என் முழங்காலைக் கேட்டால் படிக்கட்டின் அழகைப் பற்றி வேறு மாதிரி சொல்லும்.

அந்த டென்மார்க்காரி வந்தது ஜூன் மாதம், உச்சி வேளையில். அந்த நேரத்தில் எங்கள் பேட்டையில் யாரும் தலை காட்ட மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டுச் சன்னல் கதவுகளை அடைத்துவிடுவோம். தெரு வெள்ளையாகக் காய்ந்து கிடக்கும். இருட்டுக்குப் பயப்படுகிறவர்கள் வேறு ஊர்க்காரர்கள். நாங்கள் பயப்படுவது இந்த வெளிச்சத்துக்கு.

அந்த மாதம் எனக்கு இருந்தது ஒரே ஒரு கவலை. என் தம்பி அனியெல்லோ இந்த வீட்டைவிட்டு முழுசாக வெளியே போய்ச் சேர வேண்டும்.

அவனுக்கு ஐம்பத்து நான்கு வயது. மலை ரயில் ஓட்டுகிறவன். பாதி ஆயுளை மேலே போவதிலும் கீழே வருவதிலுமே கழித்தவன். அவனுக்கு ஒரு பெண் அமையாமலே போய்விடுமோ என்று நான் மறுகிக்கொண்டிருந்தபோது, கடற்கரைப் பக்கம் பாக்கோலியில் இம்மகொலாத்தா என்ற விதவை அவனைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். அவள் வீட்டில் லிஃப்ட் இருக்கிறது என்று அவன் ஊரெல்லாம் பெருமையடித்தான். எனக்கும் அங்கே ஒரு அறை உண்டு என்றாள். எங்கள் வீட்டை, பயணிகளுக்கு அறை விடும் ஒரு கம்பெனி வாங்கிக்கொள்வதாகக் கையெழுத்தாகியிருந்தது. திங்கட்கிழமை சாவியைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

இதில் ஒரு வார்த்தையைக்கூட நாங்கள் வீட்டுக்குள் பேசவில்லை.

எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டைக் காக்கிற, கண்ணுக்குத் தெரியாத ஒருத்தி இருக்கிறாள். அழகி என்று சொல்வோம். முகத்துக்கு நேரே வேறு எப்படிச் சொல்வது? வெளியே போய்விட்டு வந்தால் முதலில் அவளுக்கு வணக்கம் சொல்ல வேண்டும். சாப்பாட்டு மேசையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி காலியாக இருக்க வேண்டும். அவள் சந்தோஷமாக இருக்கும்வரை கூரை ஒழுகாது, அடுப்பு அணையாது. ஆனால் அவள் காதில் விழும்படி வீட்டை விட்டுப் போகிறோம் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. எங்கள் அத்தை ஒரு நாள் வெங்காயம் வதக்கிக்கொண்டே, மிலானுக்குக் குடிபோகப் போவதாக இதே சமையலறையில் சொன்னாள். வெங்காயம் சிவப்பதற்குள் சரிந்தாள். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். டாக்டர் வேறு என்ன சொல்வார்.

அதனால் எங்கள் பேச்செல்லாம் மீன் சந்தையில், கோயில் வாசலில், கீழே காவல்காரர் ஃபெலீச்சேயின் கூண்டுக்குப் பக்கத்தில். பெட்டி கட்டவில்லை. அனியெல்லோ சட்டைக்கு மேல் சட்டை போட்டுக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க, ஒவ்வொன்றாக இம்மகொலாத்தா வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தான். கடைசி நாளுக்கென்று ஒரே ஒரு சின்னப் பெட்டி, அதுவும் கட்டிலுக்கு அடியில்.

இந்த நிலையில்தான், நான் பால்கனியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது கீழே அந்த டென்மார்க்காரி நின்றாள். வெந்த இறால் மாதிரி முகம். புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து எங்கள் மாடியோடு ஒப்பிட்டவள், அப்படியே தள்ளாடித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஃபெலீச்சே கூண்டுக்குள் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். பிடிக்காதது ஒரு பக்கம் இருக்கட்டும், வாசலில் ஒரு பெண் வெயிலில் செத்தால் பார்த்துக்கொண்டா நிற்க முடியும்? இறங்கிப் போய் அவளைக் கைத்தாங்கலாக மேலே கூட்டி வந்தேன். வாசற்படியில் வழக்கம்போல உள்ளே பார்த்து வணக்கம் சொன்னேன். யாருக்கு என்று அவள் கேட்டாள்.

அனியெல்லோவுக்கு அன்று வேலையில்லை. பனியனோடு உட்கார்ந்து பீச் பழத்தை நறுக்கி ஒயினில் போட்டுக்கொண்டிருந்தான். இங்கர் என்பது அவள் பெயர். காலி நாற்காலியில் உட்காரப் போனவளைத் தோளைப் பிடித்து வேறு நாற்காலியில் உட்கார வைத்தேன். எலுமிச்சை பிழிந்து கொடுத்தேன். தெளிந்ததும் வாய் ஓயவில்லை. மாலை வகுப்பில் எங்கள் மொழி படிக்கிறாளாம். அதனால் எங்கள் மொழியில் அச்சான வழிகாட்டியையே வாங்கி, ஒவ்வொரு படத்தையும் எங்கே நின்று வரைந்தார்களோ அங்கேயே போய் நிற்கிறாளாம். இதுதான் கடைசிப் படமாம்.

அனியெல்லோவுக்கு முகமெல்லாம் பல். போன இலையுதிர் காலத்தில் பொலோஞாவிலிருந்து ஒரு பையன் வந்து முற்றத்தில் முக்காலி போட்டு வரைந்தானாம். இவனும் அவனுக்குச் சிகரெட் கொடுத்து, கதை சொல்லி, படிக்கட்டில் நின்று காட்டியிருக்கிறான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் பக்கத்தைத் திறந்தாள். நன்றாகத்தான் வரைந்திருந்தான். இரண்டாவது மாடித் திருப்பத்தில் கைப்பிடியில் சாய்ந்து அனியெல்லோ, விரலிடுக்கில் சிகரெட். நான்காவது மாடி பால்கனியில் நான், கையில் துணி. என் வீங்கின கணுக்காலைக்கூட விடவில்லை.

எனக்குப் பக்கத்துச் சன்னலில் இன்னொருத்தி நின்றாள். தலைமுடியை அவிழ்த்து விட்டிருந்தாள்.

"இது உங்க தங்கச்சியா?" என்று இங்கர் கேட்டாள்.

அனியெல்லோவின் கத்தி பழத்தில் பாதியில் நின்றது. அந்தச் சன்னல் இந்தச் சமையலறையின் சன்னல். எங்களுக்குத் தங்கை கிடையாது. அந்தப் பையன் கண்ணால் கண்டதை வரைந்திருக்கிறான்.

நாங்கள் பேசாமல் இருந்தது அவளுக்குச் சங்கடமாக இருந்திருக்க வேண்டும். எங்களைச் சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்து, படத்துக்குக் கீழே இருந்ததைப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி விரல் வைத்து உரக்க வாசிக்க ஆரம்பித்தாள். என் கண்ணாடி எங்கேயோ கிடந்தது.

"நான்காம் மாடியில் தலைமுறைகளாக வசிக்கும் அக்காவும் தம்பியும், வரும் கோடையில் இந்த வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறார்கள். அதன்பின் பயணிகள் இங்கே..."

நான் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினேன்.

காற்றில்லை. ஆனாலும் சமையலறைச் சன்னல் கதவுகள் மெல்ல, ஒன்றன்பின் ஒன்றாக, மூடிக்கொண்டன.

ஈரச் சுண்ணாம்பு வாடை வந்தது. பல வருடம் திறக்காத அலமாரியைத் திறந்தால் வருமே, அதுவும் கூடவே.

காலி நாற்காலி ஒரு விரற்கடை நகர்ந்தது.

"தப்பா வாசிச்சிட்டேனா?" என்று அந்தப் பாவி கேட்டாள்.

"இல்லம்மா. சரியாத்தான் வாசிச்சீங்க. கெளம்புங்க."

புத்தகத்தை அவள் கையில் திணித்து வாசல்வரை தள்ளிக்கொண்டு போனேன். அவள் இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. முற்றத்தைக் கடந்து வெளியே போனதைப் பால்கனியிலிருந்து பார்த்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளோடு யாருக்கு என்ன பகை?

திரும்பி வந்து சுவரைப் பார்த்துக் கத்தினேன். அந்தப் புத்தகம் பொய், நாங்கள் எங்கேயும் போகவில்லை, இந்த வீட்டை விட்டு யார் போவார்கள் என்று தொண்டை கிழியச் சொன்னேன். அனியெல்லோவையும் சொல்லச் சொன்னேன்.

"சொல்லுடா. போகலன்னு சொல்லு."

அவன் உதடு வெளுத்திருந்தது. ஆனால் எங்கள் அப்பாவின் வீம்பு அவனுக்கு.

"சொன்னா மட்டும்? திங்கக்கெழம சாவி குடுக்கணும்க்கா. ஒரு நாற்காலிக்குப் பயந்துக்கிட்டு இன்னும் எத்தன நாளு? எனக்குன்னு ஒருத்தி அங்க காத்துக்கிட்டிருக்கா."

"மெதுவாடா..."

அவன் நாற்காலியைப் பார்த்துத் திரும்பினான். "போறேன். இன்னிக்கே போறேன். கேட்டுச்சா?"

கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்தான். கைக்குக் கிடைத்ததை அள்ளிப் போட்டான். வெயில் தாழட்டும் என்று கெஞ்சிப் பார்த்தேன். இனி ஒரு நிமிடம்கூட இங்கே இருக்க முடியாது என்றான். அதுவும் சரிதான் என்று பட்டது. நீ முன்னால் இறங்கு, செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வருகிறேன் என்றேன். அவன் வாசலைத் தாண்டினான்.

கதவு எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சாத்திக்கொண்டது.

இழுத்தேன். உதைத்தேன். உள்ளே யாரோ சாய்ந்து நிற்கிற மாதிரி அசையவில்லை. வெளியே அவன் இறங்கும் சத்தம். அவன் இடது காலைக் கொஞ்சம் அழுத்தி வைப்பான், எனக்குத் தெரியும். மூன்றாவது மாடி வந்தது. திருப்பத்தில் பெட்டி கைப்பிடியில் இடித்தது. இரண்டாவது. சீட்டியடித்துக்கொண்டே போனான், எனக்குத் தைரியம் சொல்ல. முதல் மாடி. இதோ முற்றம் என்று மூச்சை விட்டேன்.

சத்தம் நிற்கவில்லை.

படிகள் இறங்கிக்கொண்டே இருந்தன. சீட்டி நின்றுபோனது. காலடி மட்டும், சீராக, கீழே, இன்னும் கீழே. எங்கள் வீட்டுக்கு அத்தனை படிகள் கிடையாது.

பால்கனிக்கு ஓடினேன். அங்கிருந்து பார்த்தால் படிக்கட்டு முழுக்கத் தெரியும். வெயிலில் வெறிச்சென்று கிடந்தது. ஒரு ஈ காக்காய் இல்லை. சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது, முற்றத்துக் கல்லுக்கும் அடியிலிருந்து.

ஒருமுறை அவன் அந்த ஆழத்திலிருந்து என்னைக் கூப்பிட்டு ஏதோ கேட்டான். அக்கா என்பது மட்டும் விளங்கியது. மற்றது எட்டவில்லை.

சாயங்காலம் கதவு தானாகவே திறந்தது. அந்தச் சிவப்பு முகத்துப் பெண்ணைத் தவிர யாரும் வெளியே போகவில்லை என்றார் ஃபெலீச்சே. கூண்டில் தூங்கினாலும், வாசலை யார் தாண்டினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். போலீஸ் வந்தது. கல்யாணத்துக்குப் பயந்து ஓடிவிட்டான் என்று சிரித்துவிட்டுப் போனது. இம்மகொலாத்தா வந்து, நான்தான் தம்பியை விடாமல் ஒளித்து வைத்திருக்கிறேன் என்று முற்றத்தில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவள் பீரோவில் அவன் சட்டைகள் இருக்கின்றன, தினமும் எடுத்துப் பார்க்கிறாளாம். அதைக் கேட்டபோதுதான் நான் அழுதேன்.

வீட்டை விற்கவில்லை. கம்பெனிக்காரர்களிடம் போட்ட ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது, நான் எங்கேயும் போகவில்லை என்று உரக்கச் சொல்கிறேன். பயந்து மட்டும் சொல்லவில்லை. அவன் ஒரு நாள் திரும்பி ஏறி வந்தால் கதவைத் திறக்க யாராவது இருக்க வேண்டுமே. காலி நாற்காலி இப்போது மேசைக்கு எதிர்ப்பக்கம் இல்லை. நான் எங்கே தள்ளி வைத்தாலும் காலையில் என் நாற்காலியை ஒட்டி நிற்கிறது.

உச்சி வேளையில் படிகள் இறங்கும் சத்தம் கேட்கிறது. இடது கால் அழுத்தமாக.

அந்தப் புத்தகம் நன்றாக விற்கிறது போலிருக்கிறது. கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். போன வியாழக்கிழமை ஒரு பெல்ஜியம் இளைஞன் வெயிலோடு நான்கு மாடியும் ஏறி வந்து, மூச்சிரைக்கச் சிரித்தபடி கதவைத் தட்டினான். புத்தகத்தில் போட்டிருப்பது தப்பு, இங்கே அறை கிடையாது, யாரும் காலி செய்யவில்லை என்று அவனுக்கும் வீட்டுக்கும் கேட்கும்படி சொன்னேன். பரவாயில்லை என்றான். அறைக்காக வரவில்லையாம். படம் அப்படியே அச்சு அசலாக இருக்கிறது என்று சொல்லத்தான் வந்தானாம்.

"ரெண்டாவது மாடித் திருப்பத்துல அதே ஆளு நிக்கிறாரு, பாருங்க. படத்துல உள்ள மாதிரியே. ஆனா படத்துல அவரு கையில பெட்டி இல்ல."

அவனை விலக்கிவிட்டுக் கைப்பிடியில் குனிந்து பார்த்தேன். திருப்பம் காலியாக இருந்தது.

"ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டேன்.

"கேட்டாரு. கீழ போக இன்னும் எத்தன மாடின்னு."

"நீ என்ன சொன்ன?"

"ரெண்டே மாடிதான்னேன்." அவன் சிரிப்பு குறைந்தது. "பாவம், நான் சொன்னதும் அழுதுட்டாரு."

எனக்குப் பின்னால், சமையலறையில், நாற்காலி ஒன்று மெல்ல இழுபட்டது. அவன் என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்து, மரியாதையாகத் தலையசைத்து வணக்கம் சொன்னான்.

"நான் எங்கயும் போகல," என்றேன் உரக்க.