சந்தனம் பூசிய வெப்பக்கண்

"பெட்டியே வாயத் திறந்து நலம்னு சொல்லுது. உன் கை எதுக்குட்டி அதுல?"

பேழைப் பொறுப்பாளர் தேர்வில் தேறிய அன்று சுடலைமணி தன் தங்கையிடம் இப்படிக் கேட்டான். உலகம்மாள் எட்டாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் அவளுக்கு நாக்கு எழாது. ஆனால் தினமும் ஒருமுறை பேழையைத் தொட்டுப் பார்ப்பதை மட்டும் அவள் விடவில்லை.

நகரத்துக்கு நாளில் நான்கு மணி நேரம்தான் மின்சாரம். மீதி நேரத்துக்கு அதைச் சேமித்துத் தர வீட்டுக்கு ஒரு மின்பேழை, பீரோ உயரத்தில். அதன் தலையிலிருந்து வளைந்து இறங்கும் தண்டின் முனையில் ஒரு வெப்பக்கண், பேழையின் உடம்புச் சூட்டையே பார்த்தபடி இருக்கும். சூடு ஏறாதவரை பேழை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "நலம்" என்று இனிமையாகச் சொல்லும். அந்தக் குரல் வந்தபிறகு தொட்டுப் பார்ப்பதையும் முகர்ந்து பார்ப்பதையும் ஊர் மறந்துவிட்டது. தேர்வில் தேறிப் பதிவு பெறாதவர்கள் பேழையின் விசையில் கை வைத்தால் அந்த வீட்டுக்கு ஒரு மாதம் இருட்டு என்று சட்டமும் வந்தது.

ஆயுத பூஜையன்று காலையில் அம்மா தையல் மிஷினுக்கும் அரிவாள்மணைக்கும் பொட்டு வைத்தாள். பேழைக்கும் வைத்தாள். தண்டின் முனையிலிருந்த உருண்டை அழகாக இருந்ததால் அதன்மேல் முழுக்கச் சந்தனம் அப்பி, பேழையின் மேல் பட்டுத்துணி போர்த்தி, மாலையும் போட்டாள்.

உச்சிப்பொழுதில் உலகம்மாள் துணிக்கடியில் கையை வைத்தாள். வெடுக்கென்று எடுத்தாள். பேழையின் வயிறு முன்தள்ளியிருந்தது. உள்ளே ஏதோ கசிந்ததுபோல் நகப்பூச்சு வாடை அடித்தது.

"அண்ணே, வீங்கியிருக்கு. கொதிக்கு. விசைய அமத்து."

"நலம்" என்றது பேழை.

"கேட்டியா? அதுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிட்டோ? நல்ல நாளும் அதுவுமா வீட்ட இருட்டாக்காத."

உலகம்மாள் துணியை உருவி எறிந்துவிட்டு, சுவரிலிருந்த விசையைக் கீழே இழுத்தாள். மின்விசிறி நின்றது.

"அத்துமீறல்" என்றது அதே இனிய குரல்.

பேழை அனுப்பிய புகாரின்பேரில் சற்று நேரத்தில் மின்பேழை ஆய்வர் வைகுண்டமணி வந்து சேர்ந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். ஒரு கையில் சோதனைக்கோல், மறு கையில் 'நலம்' முத்திரைத் தாள்கள். காலையிலிருந்து அதே குடியிருப்பில்தான் வீடு வீடாகச் சோதனை.

"யாரு கை வச்சது?"

"நாந்தான் சார்."

"படிக்காத புள்ள சார்" என்று சுடலைமணி குழைந்தான்.

அவர் கோலைப் பேழையின் பக்கம் நீட்டினார். "நலம்" என்றது கோலும்.

"ரெண்டும் ஒண்ணுபோலச் சொல்லுதுல்லா? விசைய மேல ஏத்தும்மா. எச்சரிக்கையோட விட்டுருதேன்."

"ஏத்திருட்டி, சாரே சொல்லுதாருல்லா" என்றாள் அம்மா.

உலகம்மாள் விசையை மறைத்துச் சுவரோடு சாய்ந்து நின்றாள். "ஏத்த மாட்டேன்."

"அப்ப தள்ளு. நான் ஏத்துதேன்."

"தள்ளவும் மாட்டேன் சார். ஒரு மாசம் என்ன, ஒரு வருசம் இருட்டுல கெடக்கோம். எரிஞ்சு சாக முடியாது."

இத்தனை சொற்களை அவள் சேர்த்துப் பேசி அம்மாவே கேட்டதில்லை. கோல் அவள் முகத்துக்கு நேரே நீண்டிருந்தது. அதன் முனையிலிருந்த வெப்பக்கண்ணில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம். உலகம்மாள் பேழையின் தண்டைத் திரும்பிப் பார்த்தாள். அங்கேயும் அதே சந்தனம்.

"உங்க ஆபீசுல நேத்தே பூசை போட்டாச்சோ?"

"ஆமா. அதுக்கென்ன?"

"சாமிக்கே நெத்தியிலதான் சார் பொட்டு வைக்கோம். கண்ணுல வைக்க மாட்டோம்."

வைகுண்டமணி கோலைத் திருப்பிப் பார்த்தார். சந்தனத்துக்குப் பின்னாலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அந்தச் சந்தனத்தின் குளிர்ச்சிதான் தெரியும். கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். மறுபடி நீட்டினார்.

கோல் வீறிட்டது.

சுடலைமணி அம்மாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு ஓடினான். உலகம்மாள் கடைசியாக வந்து நடையில் நின்றாள். எதிர்வீட்டிலிருந்தும் கீழ்வீட்டிலிருந்தும் மேல்மாடிகளிலிருந்தும் "நலம்", "நலம்" என்று அந்த இனிய குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டன.

"காலையிலேருந்து எத்தன வீட்டுக்கு நலம் ஒட்டினீங்க சார்?"

வைகுண்டமணி அவளைப் பார்த்தார். முத்திரைத் தாள்கள் கையிலிருந்து நழுவித் தரையில் பரவின. வெறுங்காலோடு, கோலை இறுகப் பிடித்தபடி, மேல்மாடிப் படிகளில் தாவி ஏறிப் போனார்.