மாரித்தாய் படுத்த பக்கம்

கூரை ஒழுகவில்லை. அழகுத்தாய் இரண்டு முறை முக்காலி போட்டு ஏறி, தகரத்தின் ஒவ்வொரு ஆணியையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டாள். எல்லாம் காய்ந்துதான் இருந்தன. இருந்தும் சுவரில் மாட்டியிருந்த கித்தாருக்கு நேர் கீழே, சாணி மெழுகிய தரையில், உள்ளங்கை அகலத்துக்கு ஈரம் கிடந்தது. காலையில் துணி போட்டுத் துடைத்தாள். கஞ்சி வடித்துவிட்டுத் திரும்பினால் அதே இடத்தில் அதே அளவு ஈரம்.

ஆடி மாதம். கம்பம்மெட்டுக்கு மேற்கே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் மூன்று வாரமாக வெயில் எட்டிப் பார்க்கவில்லை. பகலிலேயே மூடுபனி கூலிக்காரர் வரிசைவீடுகளான லயத்து வாசல்வரை வந்து நின்றுகொண்டது, உப்பு ஜாடியில் தண்ணீர் கோத்தது, பெட்டிக்குள் மடித்துவைத்த சேலை பூசணம் பூத்தது. இந்த ஈரத்தில் எதுதான் வியர்க்காது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

கித்தார் சின்னத்துரைக்காகச் செய்தது. தோட்டத்து உதவி மேனேஜரை அப்படித்தான் சொல்வார்கள். அவருக்கு ஜாஸ் என்றால் உயிர். பங்களாவில் கிராமபோன் அலறும்போது அது பாட்டா சண்டையா என்று லயத்து ஆட்களுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. சீமையிலிருந்து கொண்டுவந்த அவருடைய கித்தார் மழைக்கு ஒட்டு விட்டுப் பிரிந்துபோக, அந்தத் துண்டுகளையே மாதிரியாகக் கொடுத்து, புதிதாக ஒன்று செய்யச் சொல்லியிருந்தார். அழகுத்தாயின் புருஷன் சங்கையா ஃபாக்டரியில் தேயிலைப் பெட்டி அடிக்கிற ஆசாரி. கம்பி கட்டிய தேயிலைப் பெட்டிதான் வரப்போகிறது என்று லயமே சிரித்தது.

வந்தது வேறு. மெஷின் வந்த பெட்டியின் பைன் பலகைதான் முன்பக்கம். அதை நடுவில் மேடாகவும் ஓரத்தில் பள்ளமாகவும் உளியால் இழைத்து, நகத்தால் சுண்டிக் காதுகொடுத்துக் கேட்டு, மறுபடி இழைத்து, விளக்கின் முன்னால் பிடித்தால் வெளிச்சம் சிவப்பாக ஊறித் தெரிகிற அளவுக்கு மெலிதாக்கியிருந்தான். இரண்டு பக்கமும் கொடியாக வளைந்த நீளத் துளைகள். ஈட்டி மரக் கழுத்தில் தூத்துக்குடிச் சிப்பிப் பொட்டுகள். அரக்குப் பூச்சு நடுவில் தேன் நிறமாக இருந்து, ஓரத்துக்குப் போகப் போகக் கனிந்து, விளிம்பில் பழம்புளிக் கறுப்பாக முடிந்தது. வேறு சமயமாக இருந்தால் அழகுத்தாய் அதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். ஏழு வயது மகள் மாரித்தாய் காய்ச்சலில் போய் நாற்பத்தைந்து நாள்தான் ஆகியிருந்தது.

ஈரத்தைத் துடைக்கலாம் என்று அன்றுதான் முதன்முதலாகக் கித்தாரைக் கையில் எடுத்தாள். நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. திருப்பினாள். பின்பக்கம் ஒரே பலாப்பலகை, மஞ்சள் மினுங்கியது. அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கணுக்கள்.

அந்தக் கணுக்களை அவளுக்குத் தெரியும். லயத்தில் யார் செத்தாலும் குளிப்பாட்டுவதற்கு ஆசாரி வீட்டுப் பலகைதான் போகும். காரியம் முடிந்ததும் கழுவி, அடுப்புக்கு மேலே பரணில் புகையில் போட்டுவிடுவார்கள். வேறெதற்கும் அதைத் தொடக்கூடாது. மாரித்தாயின் தலையைத் தூக்கிப் பிடித்துச் சீயக்காயை அலசியபோது, பிடரிக்குக் கீழே இந்த இரண்டு கணுக்களும் நனைந்து கறுப்பதைப் பார்த்துக்கொண்டேதான் அழகுத்தாய் தண்ணீர் ஊற்றினாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை.

பரணை எட்டிப் பார்த்தாள். பலகை இல்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் சங்கையா வந்தான். கேட்டதும் அவன் மறைக்கவில்லை. தலைத்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பாராமல் சொன்னான்.

“தட்டிப் பாத்தேன், கணீர்னு பேசுச்சு. ஆனா அதுக்காவ எடுக்கல, அழகு. நம்ம புள்ள படுத்த பக்கத்த உள்ள திருப்பி வச்சிருக்கேன். அங்க நனையாதுல்லா?”

அவளால் அவனைத் திட்ட முடியவில்லை. பிள்ளையைப் புதைத்த அன்று குழியைத் தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. தகர டப்பாவால் இறைத்துப் பார்த்தார்கள், தீரவில்லை. மாரித்தாயை இறக்கியபோது சளக்கென்று ஒரு சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் முழுதாகத் தூங்கவில்லை. நாளைக்குச் சாயங்காலம் பங்களாவிலிருந்து ஆள் வந்து கித்தாரை எடுத்துப் போவான் என்றும், அங்கே எந்நேரமும் கணப்பு எரியும் என்றும் சங்கையா சொன்னான். பிள்ளை கொஞ்சம் சூடாக இருக்கட்டும் என்று அவளுக்கும் தோன்றிவிட்டது. தரையில் ஊறும் ஈரத்தைப் பற்றி அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் மனுஷன் நொறுங்கிப்போவான்.

மறுநாள் அவன் வேலைக்குப் போனபின் மழை வலுத்தது. நடுப்பகலில் மூடுபனி உள்ளே நுழைந்து அடுப்பின் வெளிச்சத்தையே மங்கலாக்கியது. கித்தார் இருந்த மூலையிலிருந்து மெல்ல ஒரு வாசனை வந்தது. சீயக்காயும் மஞ்சளும் கலந்த, குளித்த பிள்ளையின் தலை வாசனை. அழகுத்தாய்க்குப் பயம் வரவில்லை. நெஞ்சு நிறைந்து கண்ணில் தண்ணீர் வந்தது, மூச்சை இழுத்து இழுத்து அந்த வாசனையைக் குடித்தாள்.

பிறகு போயிலை நாறியது.

மாரித்தாய் போயிலை போட்டதில்லை. பெரியமுத்துக் கங்காணி போடுவார். போன தையில் போய்ச் சேர்ந்தார்.

அடுத்து, புளித்த தாய்ப்பால். பிரசவத்தில் போன சாந்தம்மாள். அதற்கும் அடியில் சீழும் கசப்பு மருந்தும் கிழவர்களின் வியர்வையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. அழகுத்தாய் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். இருபது வருஷமாக அந்தப் பலகை வீடு வீடாகப் போய் வந்திருக்கிறது. எல்லாரும் அந்தப் பக்கத்தில்தான் படுத்தார்கள்.

யாரும் தொடாமல் கம்பிகள் அதிர்ந்தன. உள்ளே ஒரு இருமல். ஆம்பிளை இருமல்.

துளைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. நின்றது. மறுபடி சொட்டியது.

அவள் கித்தாரை இறக்கி மடியில் போட்டுக்கொண்டாள். குளிர்ந்து கிடந்தது. துளையில் வாயை வைத்தாள்.

“மாரி… ஏ மாரி.”

மழைச் சத்தம் மட்டும். பிறகு உள்ளே அசைவு. நிறையப் பேர் நெருக்கிப் புரண்டு படுக்கிற அசைவு. எல்லாருக்கும் அடியிலிருந்து, நசுங்கிய குரலில்:

“யம்மா, எடமில்லம்மா. தள்ளிப் படுக்கச் சொல்லு.”

புருஷனின் மரச் சுத்தியல், அந்தக் கொட்டாப்புளியை எடுத்தாள். ஒரே அடி. மெல்லிய பலகை, தாங்காது. பிள்ளை வெளியே வந்துவிடும்.

வெளியே எங்கே?

கதவு முழுக்க மழை அடித்துக்கொண்டிருந்தது. ஓங்கிய கை அப்படியே நின்றது. வாசலில் யாரோ செருப்பை உதறினார்கள். பங்களா ஆள், சாயங்காலத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டான். ஆசாரியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான். கொட்டாப்புளி தரையில் விழுந்தது.

துளைக்குள் ஆள்காட்டி விரலை விட்டாள். இரண்டு கணுவரை போயிற்று.

சின்னதாக ஒன்று வந்து தொட்டது. ஐஸாகக் குளிர்ந்த விரல். கொக்கிபோட்டுப் பிடித்துக்கொண்டது.

அழகுத்தாய் அழுதாள். “புள்ள… எம்புள்ள.”

அதன்மேல் இன்னொரு விரல். பெரியது. நகம் சொரசொரவென்று இருந்தது.

இன்னொன்று.

இன்னும் இரண்டு.

இழுத்தார்கள். துளையின் விளிம்பு தோலை உரித்தது. ரத்தம் தேன் நிறத்தின்மேல் வழிந்தது. வாசலில் அவன் மறுபடி கூப்பிட்டான். சட்டென்று உருவினால் விரல் விடுபட்டு வந்துவிடும், அது அவளுக்குத் தெரிந்தது. எல்லாருக்கும் அடியில், அந்தச் சின்ன விரல் மட்டும் வழுக்கிக்கொண்டே போயிற்று.

அழகுத்தாய் கையை உருவவில்லை. இன்னும் உள்ளே விட்டாள்.