பாறைமேல் விழுந்த பட்டம்

"வடம் அறுந்துட்டு! எல்லாரும் குனியுங்க!"

செராங் மீராசா அலறிய அதே நொடியில் துப்பாக்கி வெடித்தாற்போல ஒரு சத்தம்! கப்பலின் முன்முனையிலிருந்து வானத்துக்கு ஏறியிருந்த வடம் சாட்டையாகச் சுழன்று வந்து தளத்தை அறைந்தது. இன்பென்டா தலையைப் பொத்திக்கொண்டு குப்புற விழுந்தாள். எழுந்து பார்த்தபோது அவளுடைய ஆரஞ்சு நிறப் பட்டம், அறுந்த வடத்தை வால்போல இழுத்துக்கொண்டு கிழக்கே பறந்துகொண்டிருந்தது.

சின்னப் பட்டமா அது? கல்யாணப் பந்தல் அளவு பெரியது. தூத்துக்குடியிலிருந்து அரிசியும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு தெற்கே தீவுகளுக்குப் போகும் இந்தச் சரக்குக் கப்பலை, எந்திரத்தோடு சேர்ந்து காற்றும் இழுக்கட்டும் என்று அவள் வடிவமைத்தது. காற்று இழுக்கும் அளவுக்கு எண்ணெய் குறைவாக எரியும். புகைபோக்கியிலிருந்து கரியும் அவ்வளவு குறையும். "ஒரே ஒரு பயணம். பட்டம் ஒழுங்கா திரும்பி வந்தா மேற்கொண்டு பேசலாம். வரலேன்னா இதோட மறந்துடும்மா" என்று கப்பல் முதலாளி ரத்தினவேல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்தப் பட்டம் இப்போது தூரத்துப் பவளப்பாறைத் திட்டைத் தாண்டி, அதன் மறுபக்கத்தில் சரிந்து விழுந்தது.

"படகு அனுப்ப மாட்டேன். துணிக்காக ஆளைப் பலி கொடுக்க முடியாது" என்றார் கேப்டன் டெரன்ஸ்.

"துணி மட்டும் இல்ல கேப்டன். அத்தனை வடமும் கடல்ல கிடந்தா ஆமையெல்லாம் சிக்கிச் சாகும். வேற கப்பலோட அடியில சுழலுற விசிறியில போய்ச் சுத்தும். நாம போட்டதை நாமதானே எடுக்கணும்?"

சொன்னது உண்மைதான். ஆனாலும் தன் பட்டத்துக்காகத்தான் இப்படி வாதாடுகிறோம் என்பது இன்பென்டாவுக்கே தெரிந்தது. அந்த உறுத்தல் அவளை விட்டுப் போகவில்லை.

அவள் சொன்னதில் நியாயம் இருப்பதாகப் பட, கேப்டன் கப்பலைத் திட்டின் கிழக்குப் பக்கமாகச் சுற்றிக் கொண்டுவரச் சொன்னார். "பொழுது சாயுறதுக்குள்ள திரும்பிடணும். ஆழம் இல்லாத இடத்துக்குக் கப்பல் வராது. தெரியும்ல?"

மீட்புப் படகில் மூவர் இறங்கினார்கள். சுக்கான் மீராசாவின் கையில். செராங்காக, தளத்து ஆட்களுக்கெல்லாம் தலைவரான அவரை எல்லாரும் அண்ணன் என்ற முறையில் 'காக்கா' என்பார்கள்; அவருக்குப் பட்டத்தின்மேல் துளியும் நம்பிக்கை கிடையாது. எந்திரத்தைக் கவனிக்க, திருச்செந்தூர்ப் பக்கத்து சுயம்பு. மூன்றாவது இன்பென்டா.

"இந்தப் பட்டத்தால ஒரு நாள் வினை வரும்னு நான் அப்பமே சொன்னேன் தங்கச்சி" என்றார் மீராசா.

"திட்டுறதைக் கப்பலுக்குப் போய்த் திட்டுங்க காக்கா. அங்க பாருங்க, அலை!"

பாறையின் விளிம்பில் அலைகள் வெள்ளையாக உடைந்தன. பட்டத்தின் ஒரு ஓரம் பவளப்பாறையில் மாட்டியிருக்க, மீதி தண்ணீரில் மிதந்து துடித்துக்கொண்டிருந்தது. சுயம்பு படகை நெருக்கினான். திடீரென்று எந்திரம் ஒரு முறை கனைத்துவிட்டு நின்றுபோனது.

"வடம் விசிறியில சுத்திட்டு அக்கா!"

அவன் பின்பக்கமாகக் கவிழ்ந்து, கையைத் தண்ணீருக்குள் விட்டுச் சிக்கலை எடுக்கப் பார்த்தான். அதற்குள் ஒரு பெரிய அலை படகைத் தூக்கியது. வடம் விண்ணென்று இறுகியது. சுயம்பு போட்ட கூச்சலை இன்பென்டாவால் அதன்பின் மறக்கவே முடியவில்லை. மீராசா அவனை இழுத்துப் போட்டார். வலது கையில் இரண்டு விரல்கள் நசுங்கித் தொங்கின.

இன்பென்டா தன் துப்பட்டாவை அவன் கையில் இறுக்கிக் கட்டினாள். 'என்னால்தான். என்னால்தான்' என்று மனம் அடித்துக்கொண்டது.

"வடத்தை அறுத்துத் தொலைப்போம்!" மீராசா கத்தியை உருவினார்.

"வேண்டாம் காக்கா! எந்திரம் செத்துப்போச்சு. அறுத்தாலும் அலை நம்மளப் பாறையில கொண்டுபோய்த்தான் அடிக்கும்!"

மீராசா சுற்றிலும் பார்த்தார். கடலின் இழுப்பும் அலையும் கிழக்கிலிருந்து பாறையை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தன. துடுப்புப் போட்டு மீள வழியே இல்லை. தூரத்தில் கப்பல் கையாலாகாமல் நின்றது.

"அப்ப என்னதான் செய்யச் சொல்லுத?"

இன்பென்டா முகத்தைத் திருப்பினாள். காற்று! அது மட்டும் மேற்கிலிருந்து, பாறையைத் தாண்டிக் கடலை நோக்கி, கப்பல் நிற்கும் திசைக்கே வீசிக்கொண்டிருந்தது.

"பட்டத்தை எழுப்பணும். அது நம்மளக் கப்பல் பக்கம் இழுத்துட்டுப் போகும்."

"பைத்தியமா உனக்கு? கப்பலையே இழுக்கிறது! இந்தப் படகை வானத்துக்குல்லா தூக்கிட்டுப் போயிரும்!"

"முழுசா எழுந்தாத்தான் தூக்கும். ஒரு மூலை மட்டும் எழுந்தாப் போதும்." அவள் கையை நீட்டினாள். "கத்தியைக் குடுங்க."

இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டி, மறுமுனையை மீராசாவிடம் கொடுத்துவிட்டுக் குதித்தாள். அலை அவளைச் சுருட்டிப் பாறையில் எறிந்தது. முழங்காலும் உள்ளங்கையும் கிழிந்து உப்பு எரிந்தது. தட்டுத்தடுமாறி எழுந்து பட்டத்தைப் பற்றினாள். பட்டத்தை விறைப்பாக வைத்திருந்தவை அதன் உள்ளே ஓடிய காற்றுக் குழாய்கள்தான். ஒவ்வொரு குழாயையும் எந்த இடத்தில் எப்படித் தைக்க வேண்டும் என்று தையற்காரர்களோடு உட்கார்ந்து சண்டை போட்டவள் அவள். இப்போது முதல் குழாயில் கத்தியை இறக்கினாள். புஸ்ஸென்று காற்று வெளியேறியது. அடுத்தது. அதற்கடுத்தது. அழுகிறோமா, முகத்தில் கடல்நீர்தானா என்று அவளுக்கே தெரியவில்லை.

"சீக்கிரம் தங்கச்சி! படகு பாறையை முட்டப் போவுது!"

கடைசி மூலையை மட்டும் விட்டுவைத்தாள். பாறையில் சிக்கிய நூல்களை அறுத்து, அந்த மூலையைத் தோளால் முட்டித் தலைக்குமேல் தூக்கினாள். காற்று பிடிக்கவில்லை. மறுபடியும் தூக்கினாள். துணி அவள் முகத்திலேயே அறைந்து விழுந்தது.

"ஆண்டவரே, ஒரே ஒரு தடவை!"

மூன்றாவது முறை துணி படபடத்தது. புடைத்தது. அவள் கையிலிருந்து பிய்த்துக்கொண்டு மேலே எழுந்தது! வடம் இறுகியது. படகு பின்புறமாகவே திரும்பி, அலையைக் கிழித்துக்கொண்டு பாறையை விட்டு நகர்ந்தது. இடுப்புக் கயிறு அவளையும் சேர்த்துத் தண்ணீருக்குள் இழுத்தது. மூச்சு முட்டியது. கண் இருண்டது. மீராசாவின் முரட்டுக் கை அவள் சட்டைக் காலரைப் பிடித்துப் படகுக்குள் தூக்கிப் போட்டது.

கிழிந்த துணி தண்ணீரில் இழுபட, ஒற்றை மூலை மட்டும் காற்றில் விம்ம, படகு கப்பலை நோக்கிப் போனது. சுயம்பு பல்லைக் கடித்துக்கொண்டு அதையே பார்த்திருந்தான்.

"இழுக்குதேக்கா" என்றான் மெல்ல.

கப்பலில் ஏறியதும் கேப்டன் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஆஸ்பத்திரி இருக்கிற தீவுக்கு எந்திரத்தை முழு வேகத்துல ஓட்டணும். சரிதானே?"

"ஓட்டுங்க கேப்டன். எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு!"

புகைபோக்கி கருகருவென்று கக்கியது. எந்தப் புகையைக் குறைக்க அவள் புறப்பட்டாளோ அதே புகை. இன்னும் வேகமாகப் போகாதா என்று ஏங்கியபடி இன்பென்டா அதன் அடியிலேயே நின்றாள்.

மருத்துவர்கள் ஒரு விரலைக் காப்பாற்றினார்கள். மற்றொன்று போய்விட்டது.

கப்பல் தூத்துக்குடித் துறைமுகத்துக்குத் திரும்பியபோது முதலாளி ரத்தினவேலே வரவேற்க வந்திருந்தார். மீராசா கிழிந்த பட்டத்தை மடித்து அவர் முன்னால் போட்டார். தோற்றுத் திரும்பியதாகவே நினைத்து இன்பென்டா தலைகுனிந்து நின்றாள். ஆனால் முதலாளி சிரித்தார்!

"பட்டம் பறந்த நாளெல்லாம் எண்ணெய் நல்லாக் குறைஞ்சிருக்கு. கேப்டன் சொல்லிட்டார். புதுசா தைச்சிரு! அடுத்த மாசமே என்னோட எல்லாக் கப்பல்லயும் கட்டிருவோம்!"

இந்த வார்த்தைக்காகத்தான் அவள் இத்தனை நாள் காத்திருந்தாள். சற்றுத் தள்ளி, கையில் கட்டோடு நின்ற சுயம்பு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அடுத்த மாசம் முடியாது ஐயா" என்றாள் இன்பென்டா. "வடம் அறுந்தா ஆள்மேல அடிக்காம இருக்க வழி பண்ணணும். படகு விசிறிக்குக் கூண்டு போடணும். கரைக்குப் பக்கத்துல கட்டி, விழவச்சு விழவச்சுப் பார்க்கணும். அதுவரைக்கும் ஒரு கப்பல்லயும் ஏத்த மாட்டேன்."

முதலாளியின் சிரிப்பு மறைந்தது. "நீதானேம்மா அவசரப்பட்டு என் உயிரை வாங்கின?"

"ஆமாங்கய்யா. நான்தான்."

"அந்தப் புள்ள சொல்லுறபடி செய்யுங்க மொதலாளி" என்றார் மீராசா. "செஞ்சு முடிங்க. ஏத்துற அன்னைக்கு வடத்துப் பக்கத்துல நான் நிக்கேன்."

ரத்தினவேல் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியாக அவர் பார்வை சுயம்புவின் கையில் நின்றது. நீண்ட பெருமூச்சு ஒன்றை விட்டு, "சரி, செய்" என்றார்.

கடலையும் வானத்தையும் காப்பாற்றக் கிளம்பியவளுக்கு, கூட வருகிற ஆளின் கையையும் சேர்த்தே காப்பாற்ற வேண்டும் என்பது அந்தப் பாறையில்தான் உறைத்தது. மறுநாள் காலையிலேயே அவள் வேலையைத் தொடங்கினாள். விசிறிக்கான கூண்டு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல, சுயம்பு அவளுக்கு முன்னாலேயே பட்டறைக்கு வந்து உட்கார்ந்திருந்தான்.