தங்கசாமியின் காற்றுப் படகு

காற்றின் மேல் உட்கார்ந்து காவிரியைக் கடந்த மாவீரர் என்ற பெருமை, குமாரபாளையம் ஜவுளி முதலாளி தங்கசாமி ஒருவருக்கே உரியது. இதை அவரே ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். இன்னும் கடக்கவில்லை, அவ்வளவுதான்.

உலகச் சண்டை முடிந்ததும், பட்டாளத்துக்கு வேண்டாத சாமான்களைச் சேலத்தில் ஏலம் விட்டார்கள். தங்கசாமி ஒரு கறுப்பு ரப்பர் படகை ஏலத்தில் எடுத்து வந்தார். காற்றடித்தால் பூசணிக்காய் மாதிரி உப்பும். அடித்த காற்று நிற்காது. அதுதான் தொல்லை.

ஓட்டை அடைக்கும் வேலை கந்தவேலுக்கு வந்தது. தங்கசாமியின் ஜவுளிக் கடையோரம் சின்ன இடத்தில் சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன் அவன். அண்ணனுக்குக் கை ஓய்ந்தால் பம்பு அடிப்பது தங்கை சௌந்திரம்.

இருவரும் படகு முழுக்கச் சோப்பு நுரை தடவினார்கள். குமிழி வந்த இடத்திலெல்லாம் ரப்பர் துண்டு ஒட்டினார்கள். படகு கிண்ணென்று நின்றது.

தங்கசாமிக்கு ஒரே மகிழ்ச்சி. புது வண்டி வாங்கினால் பூசை போடாமல் இருக்கலாமா? படகுக்கு மாலை போட்டு, மூக்கில் சந்தனம் குங்குமம் அப்பி, அங்கேயே கற்பூரத்தை ஏற்றிக் கும்பிட்டார்.

காலையில் பார்த்தால் படகு தோசை மாதிரி கிடந்தது.

மறுபடி ஒட்டினார்கள். மறுபடி பூசை. மறுபடி தோசை.

"டேய் கந்தவேலு! நீ ஓட்டையை அடைக்கறயா, ஓட்டை போடறயா?" என்று கத்தினார் தங்கசாமி. "நாளைக்கு ஊரே ஆத்தோரம் வரப்போவுது. படகு இளைச்சுதுன்னா, உன் கடையைக் காலி பண்ணிக்க!"

"சரிங்க மொதலாளி" என்றான் கந்தவேல். அவன் முகமும் படகு மாதிரி ஆகிவிட்டது.

சௌந்திரம் மறுபடி படகு முழுக்க நுரை தடவினாள். பழைய ஒட்டு எல்லாம் அப்படியே இருந்தது. படகின் மூக்கில் மட்டும் குமிழி வந்தது. சந்தனத்தைத் துடைத்துத் தடவிப் பார்த்தாள். கறுப்பு ரப்பரில் கரி கண்ணுக்குத் தெரியவில்லை. விரலுக்குத் தெரிந்தது.

"அண்ணா, ரப்பர் வெந்திருக்குது! சூடம் சுட்டிருக்குது!"

கந்தவேலும் தொட்டுப் பார்த்தான். "அட, ஆமா அம்மிணி! ஆனா 'ஓட்டை போட்டது நீங்கதானுங்க'ன்னு மொதலாளிகிட்ட யாரு சொல்றது? கடை இன்னைக்கே போயிரும்."

"அப்படி எதுக்குச் சொல்லோணும்? நீ ஒட்டு. மத்ததை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் ஆற்றங்கரையில் நல்ல கூட்டம். தங்கசாமி பட்டுத் தலைப்பாகையோடு வந்தார். கையில் கொழுக்கட்டை அளவு கற்பூரம். கந்தவேல் கண்ணை மூடிக்கொண்டான்.

சௌந்திரம் குறுக்கே ஓடினாள்.

"ஏனுங்க மொதலாளி, ஒரு சந்தேகமுங்க. படகு பெருசுங்களா, காவேரித்தாய் பெருசுங்களா?"

"இதென்ன கேள்வி? காவேரித்தாய்தான்."

"அப்பறம் சூடத்தைப் படகுக்குக் காட்டுனா, அவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா? இந்தப் பாறை மேல, தண்ணியைப் பாத்து வெச்சா நல்லா இருக்குமுங்க."

தங்கசாமி ஒரு நொடி யோசித்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பித் தொண்டையைச் செருமினார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க! படகு வெறும் வாகனம். முதல் மரியாதை காவேரித்தாய்க்குத்தான்! இதை நான் நேத்தே முடிவு பண்ணிட்டேன்!"

"ஆமாங்க" என்றாள் சௌந்திரம். சிரிக்காமல் சொல்வதற்குத்தான் பெரும் பாடுபட்டாள்.

பாறையின் மேல் கற்பூரம் எரிந்தது. படகு கிண்ணென்று மிதந்தது. தங்கசாமி ஏறி உட்கார்ந்து, சௌந்திரத்தையும் தூக்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஒட்டுன்னா இப்படித்தான் இருக்கோணும்! கந்தவேலு, உன் கடையை இன்னும் ரெண்டு அடி பெருசாப் போட்டுக்க. இப்ப படகைத் தள்ளு!"

கரையில் ஒரே கைதட்டல். தங்கசாமி அக்கரை வரைக்கும் கும்பிட்ட கையை இறக்கவில்லை.

அது சித்திரை மாதம். எதிரே பவானி ஊர்க் கரை வரை படகைத் தள்ளிக்கொண்டே நடந்த கந்தவேலுக்கு, முழங்காலுக்கு மேல் நனையவில்லை.