பாதி வேர்

இளையவள் சட்டைப் பொத்தானைத் தைத்து முடித்து, மிச்ச நூலைப் பல்லால் கடித்தாள். சட்டை மூத்தவளின் கணவருடையது. முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துக் கட்டிலில் சாய்ந்திருந்த அவர், ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குள் விசில் அடிக்க, "பொத்தான் எதுக்கு? திறந்து கிடந்தாலாவது கொஞ்சம் காத்து உள்ள போகும்" என்றார்.

"நாளையிலேருந்து போகும் மாமா. மூணு நாள் முடிஞ்சிருச்சு. இன்னிக்கு வேரை எடுத்துருவேன்."

"எடுத்தா சரி. இல்லேன்னா இந்த விசிலையே வச்சு ஒரு பாட்டுக் கத்துக்க வேண்டியதுதான்."

இருவரும் சிரித்தார்கள். அடுக்களையில் மூத்தவள் கை கழுவிக்கொண்டிருந்தாள். மூன்றாவது முறை. வலது கை ஆள்காட்டி விரலின் நகக்கண்ணில் மண் இருந்தது. ஊசியால் நோண்டினாள். கருப்பாக, ஈரமாக வந்தது. மறுபடி நோண்டினாள், மறுபடி வந்தது. ஒரு நகத்துக்கு அடியில் இவ்வளவு மண்ணுக்கு இடம் கிடையாது.

"வரேன்க்கா."

"ம்."

மரக்கோலும் துணிப்பையும் எடுத்துக்கொண்டு தங்கை படியிறங்குவதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பெற்றோர் போனபின் தங்கை இவர்களோடுதான் இருந்தாள். இருவருக்கும் ஒரே தொழில், மலையில் மூலிகை பறித்துக் காயவைத்து மருந்துக்கடைக்குக் கொடுப்பது. ஒரே வழியில் ஏறி, ஒரே வழியில் இறங்கினார்கள். ஆனால் மருந்துக்கடைக்காரர் கட்டைப் பிரிக்கும்போது தவறாமல் கேட்பார். "இது பெரியவ எடுத்ததா, சின்னவ எடுத்ததா?"

"ரெண்டும் ஒரே மலைதாங்க."

"மலை ஒண்ணுதாம்மா. கை வேற."

தங்கையிடம் இருந்தது கைராசி என்று மூத்தவள் ஒத்துக்கொண்டதில்லை. பொறுமை என்றால் ஒத்துக்கொண்டிருப்பாள், அது இன்னும் வலித்தது. மூச்சுவேர் எடுக்க ஒரு முறை உண்டு. செடி கணுக்கால் உயரம், மூன்று இலை, பாறை நிழலில் கூட்டமாக நிற்கும். அதன்முன் மண்டியிட்டு, நோயாளியின் பெயரையும் நோயையும் சொல்லி, பாதி போதும் என்று கேட்க வேண்டும். கேட்ட செடிக்கு அடையாளமாகத் தண்டில் நூல் கட்டிவிட்டு வந்துவிட வேண்டும். மூன்று நாள் அந்தப் பக்கம் மண்ணைத் தொடக்கூடாது. மூன்றாம் நாள் செடி நிமிர்ந்து நின்றால் தருகிறது, துவண்டிருந்தால் இல்லை. தந்தால் மரக்கோலால் சுற்றி மெல்லத் தோண்டி, பாதி வேரை அறுத்து, மீதியை மண்போட்டு மூடி, உள்ளங்கையால் அழுத்தி, ஒரு வாய் தண்ணீர் விட்டு வர வேண்டும். இரும்பு படக்கூடாது. "கேக்காம தோண்டினா வேர் கீழ ஓடும்க்கா" என்பாள் தங்கை. "நாமளும் பின்னாலயே ஓடணும்." விளையாட்டாகத்தான் சொல்வாள். ஆனால் ஒருநாளும் கேட்காமல் தோண்டியதில்லை.

நான்கு நாட்களுக்கு முன் மூத்தவள் பாறைக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்துவிட்டாள். தங்கை மண்டியிட்டு, கன்னம் இலையில் படும்படி குனிந்து, அவர் பெயரைச் சொன்னாள். காதில் சொல்வதுபோல. அவசரமில்லாமல். பதினோரு வருட மணவாழ்க்கையில் மூத்தவள் அந்தப் பெயரை அப்படிச் சொன்னதில்லை. அதற்கு அவ்வளவு எழுத்துகள் இருப்பதே அன்றுதான் தெரிந்ததுபோல் இருந்தது.

அதனால்தான் நேற்றுச் சாயங்காலம் தனியாகப் போனாள். செடி நிமிர்ந்து நின்றது. நூலை அவிழ்த்து, ஒரு கை தள்ளி நின்ற வேறொரு செடியில் கட்டினாள். யாரும் கேட்காத செடி. பிறகு நிமிர்ந்த செடியைக் கடப்பாரையால் அடியோடு பெயர்த்தாள். பாதியை விட்டால் மறுபடி துளிர்த்துக் காட்டிக்கொடுக்கும், முழுதாக எடுத்தாள். அவள் நினைத்தது இவ்வளவுதான்: தங்கையின் வேர் ஒருமுறை, ஒரே ஒருமுறை, பலிக்காமல் போகட்டும். தன் கையால் கொடுக்கும் வேரில் அவர் பிழைக்கட்டும். வேறொன்றும் நினைக்கவில்லை.

மதியம் தாண்டியும் தங்கை வரவில்லை. இருட்டும் முன் வனக்காவலரும் அக்கம்பக்கத்து ஆண்கள் மூவரும் கிளம்பினார்கள். மூத்தவள்தான் வழி காட்டினாள்.

பாறை நிழலில் ஒரு குழி இருந்தது. இடுப்பளவு ஆழம், ஒரு ஆள் இறங்கும் அகலம். தோண்டிய மண் ஒரு பக்கமாக ஒழுங்காகக் குவிந்திருந்தது. துணிப்பை மடித்து வைக்கப்பட்டிருந்தது. கோல் இல்லை. வனக்காவலர் குழிக்குள் இறங்கி, அடியைக் காலால் உதைத்துப் பார்த்தார். கல்போல் இருந்தது.

"மரக்கோலால இவ்வளவு தோண்ட ரெண்டு நாள் ஆகுமே" என்றார். "காலையிலதானே வந்தாங்க?"

குழியை நோக்கி வந்த காலடிகள் இருந்தன. திரும்பிய காலடிகள் இல்லை. ஒன்பது நாள் தேடினார்கள். பிறகு வேறு வேலை வந்தது, தேடுவது நின்றது.

அதற்குள் கட்டிலில் கிடந்தவருக்கு நோய் முற்றிப்போனது. தேடலின் நான்காம் நாளே மூத்தவள் ஒளித்து வைத்த வேரை எடுத்து, இடித்து, காய்ச்சிக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் விசில் நின்றது. தலையணை ஒன்றானது, பிறகு அதுவும் வேண்டியிருக்கவில்லை.

"யாரு எடுத்த வேரு?" என்று கேட்டார்.

"நான் எடுத்தது."

அவர் டம்ளரின் அடியை நாக்கால் தொட்டுப் பார்த்தார். "சின்னவ எடுக்குற மாதிரியே இருக்கு" என்று சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதார். தனக்காக அவர் இப்படி அழுவாரா என்று யோசித்தபடி டம்ளரைக் கழுவினாள். தங்கைக்காக அழ வேண்டிய நேரம் அது என்பது அவளுக்கும் தெரியும்.

சத்தம் முதலில் பின்பக்கம், துவைக்கிற கல்லுக்கு அடியில் கேட்டது. உச்சி வெயில், தெருவில் ஆள் நடமாட்டம் ஓய்ந்து, குழாயில் சொட்டும் தண்ணீர்கூட யோசித்து யோசித்துச் சொட்டுகிற நேரம். டொக். பிறகு மண் சரியும் ஓசை. பிறகு நீண்ட இடைவெளி, யாரோ கோலை நிறுத்திவிட்டு வேர் எந்தப் பக்கம் போகிறதென்று விரலால் தடவிப் பார்ப்பதுபோல. மறுபடி டொக். எலி என்று சொல்லிக்கொண்டாள். எலி இடைவெளி விடாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது. உலகத்தில் ஒரே ஒரு ஆள்தான் அவ்வளவு நேரம் நிறுத்தித் தோண்டுவாள்.

இரண்டு நாள் கழித்து அது அடுக்களைக்கு வந்தது. பிறகு காயவைக்கும் அறைக்கு. அங்கே மாதக்கணக்கில் உலர்ந்து சருகான கட்டுகளெல்லாம் மழை பெய்த காட்டைப்போல் மணத்தன. தொட்டால் குளிர்ந்தன. அதற்கடுத்த நாள் சத்தம் முன்னறைக்கு வந்து, பாவிய செங்கல் தரைக்கு அடியில் நேராக நகர்ந்து, அவர் கட்டிலுக்குக் கீழே நின்றது.

மூத்தவள் கட்டிலைவிட்டு ஓரடி பின்வாங்கினாள். ஆனால் அந்தப் பயத்துக்கும் அடியில் பழைய நெருப்பு ஒன்று கனன்றது. என்னிடம் வரவில்லை. இப்போதும் அவரிடம்தான் வருகிறாள்.

"நீங்க அந்தப் பக்கம் படுங்க" என்றாள். "இங்க வெயில் அடிக்குது."

அவர் மறுமூலையில் பாய் விரித்துப் படுத்தார். மறுநாள் மதியம் அவளே அவர் கட்டிலில் படுத்துக் காத்திருந்தாள். அவளுக்குக் கீழே அமைதி. அறையின் மறுமூலையில், அவர் பாய்க்கு அடியில், டொக்.

"அவ அவசரப்பட மாட்டா" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.

"யாரு?"

அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

அவள் தரையில் குப்புறப் படுத்து, செங்கலில் காதை வைத்தாள். குளிர்ச்சி. மண் வாசனை. கோல் நின்றது. மிக அருகில், ஒரு செங்கல் கனத்துக்கு அப்பால், தங்கையின் குரல் அவர் பெயரைச் சொன்னது. ஒவ்வொரு எழுத்தாக.

"பாதி போதும்."

"அவரைக் கேக்காத" என்றாள் மூத்தவள், உதடு செங்கலில் உரச. "நான்தான் எடுத்தேன். முழுசா எடுத்தேன். என்னைக் கேளு. ஒரு தடவையாவது என் பேரைச் சொல்லுடி."



அன்றோடு சத்தம் நின்றது. மறுநாள் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. தான் கெஞ்சியதைக் கேட்டு மனமிரங்கிப் போய்விட்டாள் என்று நினைத்தாள். காயவைக்கும் அறையின் கதவைத் திறந்துவிட்டாள், தலை வாரிக்கொண்டாள், இரண்டு இரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

மூன்றாம் நாள் மதியம் அவர் பாயிலிருந்து எழுந்து நின்றார். சுவரைப் பிடிக்கவில்லை. எத்தனையோ வருடங்களாக மூச்சுக்காகக் கூனியே நின்ற மனிதர், முன்னறை நடுவில், தோளை விரித்து, நெட்டுக்குத்தாக நிமிர்ந்து நின்றார். கண்கள் மூடியிருந்தன. முகத்தில் வெயில் விழுந்தது. அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என் வேர், என்று நினைத்தாள். என் கை.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள். மருந்துக்கடைக்காரர்.

"கேக்கக் கூடாதுதான்" என்றார், செருப்பைக் கழற்றாமல். "சின்னவ எடுத்த மூச்சுவேர் ஏதாச்சும் மிச்சம் இருக்குமா? அதான் வேணும்னு ஒருத்தர் ஒத்தக் கால்ல நிக்கிறாரு."

"நான் எடுத்ததைக் குடிச்சுட்டு வீட்டுல ஒருத்தர் ரெண்டு கால்லயும் நிக்கிறாரு. வந்து பாருங்க" என்றாள். அப்படிச் சொல்லத்தான் இவ்வளவு நாளும் காத்திருந்தாள்.

மூன்றாம் நாள், என்று அப்போதுதான் உறைத்தது.

நிமிர்ந்து நின்றால்.

உள்ளே, டொக்.

இடைவெளியில்லை. டொக். டொக். மண் சரிந்தது. தண்ணீர் விடும் ஓசை. ஒரு வாய் அளவு.

ஓடினாள்.

செங்கற்கள் சுவரோரம் அடுக்கியிருந்தன. ஒழுங்காக. ஒன்றுகூட உடையவில்லை. அறை நடுவில் அவர் இடுப்புவரை மண்ணில் புதைந்து நின்றார். நிமிர்ந்து. சுற்றிலும் கருப்பு மண் மேடாக அணைத்து, அழுத்திவிடப்பட்டிருந்தது. ஈரம் இன்னும் உறிஞ்சப்படவில்லை. மண்மேல் உள்ளங்கைப் பதிவுகள். சின்னக் கைகள்.

பின்னால் வந்த மருந்துக்கடைக்காரர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவள் மண்ணைப் பறித்தாள். விரலால், நகத்தால். முழங்கை வரை போனது. தோள் வரை போனது. அவருடைய இடுப்பு இருந்தது. அதற்குக் கீழே கையை வீசித் துழாவினாள்.

மண்.

மண் மட்டும்.

அண்ணாந்து அவர் முகத்தைப் பார்த்தாள். மார்பு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சு தடையில்லாமல் வந்தது, தடையில்லாமல் போனது. துளி விசில் இல்லை.