மீன்பெட்டிக் கோட்டை

இசைவாணியின் விண்வெளிக் கோட்டையில் மீன் வாசனை அடிக்கும். சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் வைத்து அனுப்பும் தெர்மாகோல் பெட்டிகள் உடைந்தால் ஓரமாக வீசிவிடுவார்கள். அவற்றைப் பொறுக்கி வந்து, வெட்டி ஒட்டிக் கட்டிய கோட்டை அது.

அவளுடைய ராணுவம் இன்னும் விசேஷம். சோடா மூடிகள்தான் பறக்கும் தட்டுகள். பேனா ரீஃபில் முனைகள்தான் லேசர் துப்பாக்கிகள். சிதம்பரத்தில் இருக்கும் மாமா பையன் கலைமணியும் அவளும் அவ்வப்போது மேசைமேல் விண்வெளிப் போர் நடத்துவார்கள். பகடை உருட்டி, விழுந்த எண்ணுக்கு அத்தனை அங்குலம் ஸ்கேலால் அளந்து, தட்டுகளை நகர்த்த வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை கலைமணி இங்கே வருவதாக இருந்தான்.

தம்பி செம்பியனுக்கு ஆறு வயது. மேசையை விட்டுத் தள்ளி நின்றுதான் அவன் வேடிக்கை பார்க்க வேண்டும். "தொட்டேன்னு வச்சிக்க, கைய ஒடச்சிடுவேன்" என்று இசைவாணி மிரட்டி வைத்திருந்தாள். அவள் ஓர் ஈயைக்கூட அடித்ததில்லை. பாவம், அது செம்பியனுக்குத் தெரியாது.

சனிக்கிழமை மதியம் அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போயிருந்தார்கள். "தம்பிய பாத்துக்க" என்று அம்மா சொல்லிவிட்டுத்தான் போனார். இசைவாணி பசை வாங்கக் கடைக்கு ஓடிப்போய்த் திரும்பினாள். நேராக மேசைக்குப் போனாள்.

கோட்டையின் நடுவில் பெரிய ஓட்டை. கோபுரம் சுருங்கிக் குழைந்து கிடந்தது. எங்கு பார்த்தாலும் வெள்ளி நிறம். அப்பா சைக்கிளுக்கு அடிக்க வாங்கி வைத்திருந்த ஸ்ப்ரே பெயின்ட் டப்பா தரையில் உருண்டு கிடந்தது.

அந்த ஸ்ப்ரே பட்டால் தெர்மாகோல் உருகிவிடும். இசைவாணிக்கு அது தெரியும். செம்பியனுக்கு அவள் சொன்னதில்லை. கிட்டவே விடாதபோது எதற்குச் சொல்ல வேண்டும்?

"செம்பியா! வாடா இங்க!"

அவள் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். குளியலறையில் பார்த்தாள். மாடியிலும் இல்லை. அவன் செருப்பு வாசலிலேயே கிடந்தது. பின்பக்கக் கதவு மட்டும் திறந்திருந்தது.

கோபம் எங்கே போனதோ தெரியவில்லை. பின்பக்கம் நேராகப் போனால் உப்பனாறு.

"அத்த! தம்பிய பாத்தீங்களா?" என்று பக்கத்து வீட்டு தில்லையம்மாளிடம் கேட்டாள்.

"பாக்கலியேம்மா! இரு, நான் கடத்தெருப் பக்கம் பாக்குறேன்" என்று அவர் ஓடினார்.

இசைவாணி பின்பக்கம் ஓடினாள். கதவுத் தாழ்ப்பாளில் ஐந்து குட்டி விரல்களின் தடம், வெள்ளி நிறத்தில். பெயின்ட் காயாத கையோடு ஓடியிருக்கிறான்!

அவள் தடத்தைத் தேடிக்கொண்டே போனாள். மின்கம்பத்தில் ஒன்று இருந்தது. மதில் சுவரில் இன்னொன்று. போகப் போகத் தடம் மங்கியது. கடைசியில் ஆற்றங்கரை வந்துவிட்டது.

தண்ணீர் ஏறி, கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கவே அவளுக்குப் பயமாக இருந்தது. பார்க்காமல் இருக்கவும் பயமாக இருந்தது. கரைமேல் பழுது பார்ப்பதற்காக ஏற்றி வைத்த படகுகள் நின்றன. வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். ஈ, காக்கைகூட இல்லை.

ஒரு படகில் சாத்தியிருந்த ஏணியில் லேசாக ஏதோ மின்னியது. கட்டைவிரல் தடம்!

இசைவாணி மேலே ஏறினாள். படகின் நடுவில், மீனை ஐஸ் போட்டு வைக்கும் அறை. அதன் கனமான மரமூடி இறுக மூடியிருந்தது. மூடியின் ஓரத்திலும் வெள்ளிக் கறை.

"செம்பியா! உள்ளயாடா இருக்க?"

சத்தமே இல்லை.

"டேய், பேசுடா!"

அப்போதும் இல்லை. பிறகுதான் சட்டென்று உறைத்தது. அவன் யாருக்குப் பயந்து ஓடிவந்தானோ, அவளேதான் மேலே நின்று கத்திக்கொண்டிருக்கிறாள்.

இசைவாணி மண்டியிட்டு, மூடியில் வாயை வைத்து மெதுவாகச் சொன்னாள்.

"கண்ணா, அக்கா திட்ட வரல. கோட்ட போனா போவுது. உன்ன காணோம்னு பயந்துட்டேன்டா. உள்ள இருந்தா ஒரு தட்டு தட்டு."

உள்ளேயிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம்.

"அக்கா... தெறந்து கெடந்த மூடிய இழுத்து மூடுனேனா, இப்ப தெறக்கவே மாட்டேங்குது. இருட்டா இருக்கு."

அவள் மூடியில் இருந்த இரும்பு வளையத்தைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. ஓடிப்போய் ஆளைக் கூட்டி வரலாமா? அதுவரை உள்ளே அவனுக்கு மூச்சு முட்டாதா? சுற்றிலும் பார்த்தாள். நீளமான சவுக்குக் கழி ஒன்று கிடந்தது.

"செம்பியா, ஓரமா ஒதுங்கி உக்காரு. தலைய தூக்காத!"

வளையத்துக்குள் கழியை நுழைத்து, ஒரு முனையைப் படகின் விளிம்பில் முட்டுக்கொடுத்தாள். மறுமுனையைத் தோளில் வைத்து எம்பினாள். மூடி கிறீச்சிட்டது. இன்னொரு முறை எம்பியதும் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. பக்கத்தில் கிடந்த ஒரு மரக்கட்டையைக் காலால் இடுக்கில் தள்ளினாள். பிறகு குனிந்து, தம்பியின் அக்குளில் கை கொடுத்து வெளியே இழுத்தாள்.

வியர்வையில் ஊறிப்போய், மூக்கில் வெள்ளிப் பெயின்ட்டோடு செம்பியன் நின்றான். நின்றதுமே இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

"கைய ஒடச்சிடாதக்கா."

இசைவாணிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவனை இறுகக் கட்டிக்கொண்டாள்.

"ஒடைக்க மாட்டேன்டா. சத்தியமா மாட்டேன். நான் அப்படிச் சொன்னதே தப்பு."

"அழகா இருக்கும்னுதான் அடிச்சேன். அது பாட்டுக்கு கரைஞ்சிடுச்சி."

"தெரியும்டா. மொத மொத அடிச்சப்ப எனக்கும் அப்படித்தான் கரைஞ்சிது."

செம்பியன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தான். "அப்ப உன் கைய யாரு ஒடச்சா?"

அழுகைக்கு நடுவில் இசைவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வீடு திரும்பும் வழியில், தம்பி கிடைத்துவிட்டதைத் தில்லையம்மாளிடம் சொன்னாள். சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் அவளே சொன்னாள். நன்றாகத் திட்டு விழுந்தது. ஆற்றங்கரைக்குத் தனியாகப் போனதற்காகச் செம்பியனுக்கும் பங்கு கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை கலைமணி வந்தான். கோட்டையைப் பார்த்ததும், "என்ன இது, எலி தின்னுடுச்சா?" என்றான்.

"தம்பிக்கு சொல்லித் தராம விட்டுட்டேன். அதான் இப்படி ஆச்சு" என்றாள் இசைவாணி. பிறகு செம்பியனை ஸ்டூலில் ஏற்றி, மேசையை ஒட்டி உட்கார வைத்தாள். ஸ்கேலை அவன் கையில் கொடுத்தாள். "இன்னைக்கு அளக்குறது நீதான்."

முதலில் செம்பியன் எதையும் தொடவே பயந்தான். அக்காவின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் கையை நீட்டினான். போகப் போகப் பயம் மறந்துவிட்டது. போர் சூடு பிடித்தது. கலைமணியின் விண்கப்பலை மடக்க, இசைவாணி ஒரு பறக்கும் தட்டை வேகமாக நகர்த்தினாள்.

"அக்கா! ஏமாத்துற!" என்று செம்பியன் கத்தினான். "ஆறுதான் போவணும். நீ ஏழு போயிட்ட! எடு கைய!"

அவன் ஸ்டூல்மேல் ஏறி நின்று, இடுப்பில் கை வைத்து அவளை முறைத்தான்.

இசைவாணி தட்டை ஓர் அங்குலம் பின்னால் நகர்த்தினாள். அந்த ஆட்டத்தில் அவள் தோற்றுப்போனாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் அதுவரை தோற்றதே இல்லை.